முதலீடு இல்லாமல் கல்லூரி மாடியில் சூரிய மின்சாரம்: ரெஸ்கோ சேவையுடன் மூன்று ஆண்டுகள்

விருதுநகர் மாவட்டத்தில் உள்ள எங்கள் பொறியியல் கல்லூரியின் மூன்று கட்டடங்களின் மொட்டை மாடிகளில் 200 கிலோவாட் சூரிய மின் அமைப்பு நிறுவப்பட்டு மூன்று ஆண்டுகள் நிறைவடைகின்றன. பேனல், இன்வெர்ட்டர், கம்பி, ஆட்கூலி என எல்லாச் செலவையும் சேவை நிறுவனமே ஏற்றுக்கொண்டு, 25 ஆண்டுகளுக்கு உற்பத்தியாகும் யூனிட்டுகளுக்கான விலையை மட்டும் கல்லூரியிடம் பெற்றுக்கொள்ளும் ‘ரெஸ்கோ’ முறை இது. கையில் பெரிய முதல் இல்லாத கல்லூரிகள் தூய மின்சாரத்துக்கு மாற இதுவே கைக்கெட்டும் வழி. மின் துறை ஆசிரியர் என்ற முறையில் ஒப்பந்தப் பேச்சிலிருந்து இன்றுவரை உடனிருந்தவன் என்பதால், இச்சேவையை நாடவிருக்கும் பிற கல்லூரிகளுக்காக இதை எழுதுகிறேன்.

அமைப்பை நிறுவிய விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தளத்தில் துளையிடாமல் கான்கிரீட் கட்டைகளின் மேல் சட்டங்களை நிறுத்தியதால், மூன்று ஐப்பசி மழைக்கும் ஒரு வகுப்பறைகூட ஒழுகவில்லை. நம் பகுதியில் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் என்பது பொதுக் கணக்கு. எங்கள் அமைப்பு அதற்குக் குறையாமல் தருகிறது. சித்திரை வெயிலில்தான் உற்பத்தி உச்சத்தைத் தொடும் என்று பலர் நினைக்கிறார்கள். பேனல் 25 டிகிரிக்கு மேல் சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறைவதால், வானம் தெளிந்தும் காற்று சற்றே குளிர்ந்தும் இருக்கும் மாசி மாதமே எங்களுக்கு நல்ல விளைச்சல் காலம்.

யூனிட் விலை, மின்வாரியக் கட்டணத்தைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் மொத்த பில்லும் அதே அளவில் இறங்கிவிடும் என்று நிர்வாகத்திடம் யாரும் உறுதி கூறிவிட வேண்டாம். உயரழுத்த இணைப்புக்கு, ஒரே நேரத்தில் எடுக்கும் உச்ச மின் அளவுக்கான டிமாண்ட் கட்டணம் தனியாக உண்டு. எங்கள் உச்சத் தேவையோ விடுதிகளில் எல்லா விளக்கும் மின்விசிறியும் ஓடும் இரவு எட்டு மணிக்கு வருகிறது. அதோடு, பகல் யூனிட்டுகளில் பெரும்பங்கைச் சோலார் கொடுத்துவிட்டதால், மின்வாரியத்திடம் வாங்கும் மிச்ச மின்சாரத்தின் பவர் ஃபேக்டர் (எடுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) சரிந்து, முதல் இரண்டு மாத பில்களில் அபராதம் ஏறியது. இன்வெர்ட்டரில் ஒரு செட்டிங்கை மாற்றியதும் அது சரியாகிவிட்டது என்றாலும், தொழில் தெரிந்த நிறுவனம் இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

பராமரிப்பில்தான் எனக்கு உண்மையான மனக்குறை. உற்பத்தி குறைந்தால் நிறுவனத்துக்கும் நஷ்டம், ஆகவே அவர்களே கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வார்கள் என்பதே ரெஸ்கோ முறைக்குச் சொல்லப்படும் பெரிய நியாயம். நடைமுறை அப்படி இல்லை. இரண்டாம் ஆண்டில், சம எண்ணிக்கைப் பேனல்கள் கொண்ட நான்கு இன்வெர்ட்டர்களில் மூன்றாவது மட்டும் தொடர்ந்து குறைவாகத் தருவதை எங்கள் மாணவர்கள் கண்டார்கள். மாடிக்குப் போய்ப் பார்த்தபோது, ஒரு வரிசைப் பேனல்களின் இணைப்பான் கருகி உருகிக் கம்பியோடு ஒட்டிக் கிடந்தது; அந்த வரிசை முழுவதும் செயலற்றிருந்தது. தகவல் சொல்லிப் பதினோராம் நாள்தான் ஆள் வந்தார். ஒரு வரிசையின் நஷ்டம், வெளியூரிலிருந்து ஓர் ஆளை அனுப்பும் செலவைவிடக் குறைவு என்பதால் நிறுவனத்துக்கு அவசரமில்லை. அதே நாளில் பேனல்களின் கீழ்விளிம்பில் வயல் வரப்புபோலப் புழுதி படிந்திருந்ததையும் பார்த்தோம். பத்து டிகிரிச் சாய்வில் சாதாரண மழை அதைக் கழுவிவிடாது. எங்கள் ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் கழுவினால் கண்ணாடியில் வெண்படலம் தங்கிவிடும். இப்போது சேமித்த மழைநீரைக் கொண்டு, கண்ணாடி சூடேறுவதற்கு முன் விடியற்காலையில் கழுவச் சொல்லியிருக்கிறோம்.

ஒப்பந்தத்தில் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி, கல்லூரித் தரப்புக் காரணங்களால் மின்சாரம் எடுக்கப்படாமல் போனாலும் உற்பத்தியாகியிருக்கக்கூடிய யூனிட்டுகளுக்குப் பணம் கட்ட வேண்டும் என்ற விதி. மே மாதம் வகுப்பறைகள் பூட்டிக் கிடக்கும்போது இதுவே கல்லூரியின் கழுத்தைப் பிடிக்கிறது. எங்கள் மே மாதப் பில்லைப் பார்த்த பிறகே, கணினிக்கூடப் பயிற்சி வகுப்புகளையும் தண்ணீர்த் தொட்டி மோட்டார்களையும் பகல் நேரத்துக்கு மாற்றினோம்.

இத்தனைக்குப் பிறகும் இச்சேவையைப் பரிந்துரைக்கிறேன். இன்வெர்ட்டர் தரவுகளை நேரடியாகப் பார்க்கும் உரிமையை ஆரம்பத்திலேயே கேட்டு வாங்கியது எங்கள் நல்ல முடிவு. அதனால்தான் கருகிய இணைப்பானை மாணவர்கள் கண்டுபிடித்தார்கள், அவர்களில் இருவர் அதையே இறுதியாண்டுத் திட்டப்பணியாக எடுத்துச் செய்தார்கள். நூலக மாடிக்கும் அதே நிறுவனத்திடமே விலைப்புள்ளி கேட்டிருக்கிறோம். பழுது சொன்ன 48 மணி நேரத்துக்குள் ஆள் வர வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தபட்ச உற்பத்திக்கு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும், எடுக்காத யூனிட்டுகளுக்கும் பணம் கட்டும் விதியிலிருந்து மே மாதத்துக்கு விலக்கு வேண்டும் என்ற மூன்றும் எழுத்தில் வந்த பிறகே இம்முறை மாடிச் சாவியைக் கொடுப்போம்.