மட்டக்களப்பில் ஒரு பௌதிகவியல் வழிகாட்டல் கருத்தரங்கு: நாள் முழுவதிலும் உருப்படியாக ஒரு மணித்தியாலம்

உயர்தரப் பெறுபேறு வந்த பின்னர் பௌதிகவியலில் பட்டம் படிக்கலாமா என்று தடுமாறிக்கொண்டிருந்த என் அக்காவின் மகனை அழைத்துக்கொண்டு, மட்டக்களப்பு நகரில் தனியார் நிறுவனமொன்று நடத்திய ஒரு நாள் கருத்தரங்குக்குச் சென்றேன். மதிய உணவுப் பார்சல் உட்பட ஆளுக்கு 1500 ரூபாய் அறவிட்டார்கள். நானும் இதே பாடத்தில் பட்டம் பெற்றவன் என்பதால், பிள்ளைகளுக்கு எதைச் சொல்கிறார்கள், எதை மறைக்கிறார்கள் என்று கவனிக்கும் ஆவல் எனக்கிருந்தது.

காலை அமர்வு ஐன்ஸ்டீனின் படத்தோடும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கட்டடங்களோடும் கழிந்தது. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சம்மாந்துறை வளாகத்திலும் இப்பாடத்தைப் படிக்க வழியிருப்பதை ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். வேகம் மாறும் வீதத்தைத் தமிழில் ‘ஆர்முடுகல்’ என்று படித்த பிள்ளை, பல்கலைக்கழகத்தில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுத நேரும்போது முதலாண்டில் எவ்வளவு திணறும் என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

பதினொரு மணிக்கு வந்த இளம் விரிவுரையாளர்தான் கருத்தரங்கைக் காப்பாற்றினார். ஒரு மீற்றர் நூலில் பூட்டொன்றைக் கட்டித் தொங்கவிட்டு, இருபது அலைவுகளுக்கு எவ்வளவு நேரமென்று பிள்ளைகளையே அளக்கச் செய்தார். ஏறத்தாழ 40 செக்கன் வந்தது. நூலின் நீளமும் இந்த நேரமும் தெரிந்தால், விழும் பொருளின் வேகம் கூடும் வீதமான ஈர்ப்பு ஆர்முடுகலைக் கணித்துவிடலாம். புத்தகத்தில் 9.81 (மீற்றர்/செக்கன்²) என்றிருக்கும் அந்தப் பெறுமானம், நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள நமது ஊரில் ஏறத்தாழ 9.78 தான் என்று சொன்னவர், இந்த அளவீட்டால் அவ்விரண்டையும் பிரித்தறிய முடியுமா என்று கேட்டார். முடியாது, இருபது அலைவுகளில் வித்தியாசம் 0.06 செக்கன், நிறுத்தற்கடிகாரத்தை அழுத்தும் கையின் வழுவோ அதைவிடப் பெரிது. இருநூறு அலைவுகளை எண்ணினால் வித்தியாசம் 0.6 செக்கனாகும், ஆனால் நூலின் நீளத்தில் மூன்று மில்லிமீற்றர் பிழைத்தாலும் அத்தனை உழைப்பும் வீண். பட்டப்படிப்பில் மின்காந்தவியலும் குவாண்டம் பொறிமுறையும் பின்னால் வரத்தான் போகின்றன. தன் விடையை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கணக்கிடும் இந்தப் பழக்கத்தைத்தான் ஆய்வுகூடம் ஆண்டுக்கணக்காக ஊட்டுகிறது. என் மருமகன் கைப்பேசியை மறந்திருந்த ஒரே நேரம் அது.

தொழில்வாய்ப்பு அமர்வு ஆசிரியர் நியமனத்தையும் வெளிநாட்டுக் கலாநிதிப் பட்டத்தையும் தாண்டவில்லை. வளிமண்டலவியல் திணைக்களம், அளவீட்டு நியமங்களைப் பேணும் திணைக்களம், மென்பொருள், தரவுப் பகுப்பாய்வு என்று சொல்ல எவ்வளவோ இருந்தன. புற்றுநோய்க்கான கதிர்ச் சிகிச்சையில் நோயாளிக்குரிய கதிர் அளவைக் கணிக்கும் மருத்துவப் பௌதிகவியலாளர் என்றொரு தொழில் உண்டென்பதும், அதற்குப் பட்டத்தின் மேல் முதுகலைப் படிப்பு வேண்டுமென்பதும் அங்கிருந்த பெற்றோர் பலருக்குப் புதிய செய்தியாக இருந்திருக்கும். ஆராய்ச்சியை நாடுவோர் மூன்றாண்டுப் பொதுப்பட்டத்தோடு நில்லாமல் நான்காண்டுச் சிறப்புப்பட்டத்தை முடிப்பது நல்லது என்ற எளிய விபரத்தையும் நானே எழுந்து சொல்ல நேர்ந்தது.

2017 இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் வேலை கேட்டு நாட்கணக்காக அமர்ந்திருந்ததை நினைவூட்டி ஒரு தாய் கேட்ட கேள்விக்கு, “திறமைசாலிகளுக்கு வேலை நிச்சயம்” என்று பதில் சொன்னார்கள். அவர் மேலும் எதுவும் கேட்காமல் அமர்ந்துவிட்டார்.

உணவுப் பார்சலில் குறையில்லை. மீன் குழம்பு நன்றாகவே இருந்தது. அந்த விரிவுரையாளர் அடுத்த முறையும் வருவாராயின், பதினொரு மணிக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம்.