ஓசூரில் உடோன்: நூடுல்ஸ் சரி, சூப்தான் சொதப்பல்

ஓசூரில் ஜப்பான் சாப்பாடு போடும் கடை ஒன்றில் உடோன் என்கிற தடித்த நூடுல்ஸ் சாப்பிட்டேன். குறை சொல்லப் போவதால் கடைப் பெயர் வேண்டாம்.

நூடுல்ஸில் குறையே இல்லை. கோதுமை மாவு, உப்பு, தண்ணீர், அவ்வளவுதான் உடோன். இயந்திரத்தில் செய்து காயவைத்தது என்றால் 1.7 மில்லிமீட்டராவது தடிமன் இருக்க வேண்டும் என்று ஜப்பானில் தரக்கணக்கே வைத்திருக்கிறார்கள், அதைவிட மெலிந்தால் ஹியாமுகி, இன்னும் மெலிந்தால் சோமென். இங்கே வந்தது நல்ல தடிமன், வழவழப்பு, கடித்தால் கொஞ்சம் எதிர்த்து நின்று அப்புறம்தான் அறுபடுகிறது. ககாவா மாகாணத்துச் சானுகி உடோனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அந்த இழுவைதான், அதற்காகவே மாவைக் காலால் மிதித்துப் பிசைவார்கள். சர்ரென்று உறிஞ்சித்தான் சாப்பிட வேண்டும், யாரும் முறைக்க மாட்டார்கள்.

சூடான கிண்ணம் வந்ததும் மனசு விட்டுப்போச்சு. கொம்பு என்கிற கடற்பாசியும், சூரை மீனை அவித்துப் புகைபோட்டுக் காயவைத்துச் சீவிய கட்சுவோபுஷியும் (நம்ம மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய சொந்தம்) போட்டு எடுக்கிற தாஷி என்கிற தெளிந்த சாறுதான் இதற்கு உயிர். இவர்களோ சோளமாவு கரைத்து, வினிகர் ஊற்றி, மஞ்சோ சூப்பில் உடோனை மிதக்க விட்டிருக்கிறார்கள். கிட்சுனே உடோன் கேட்டால் மேலே இனிப்பும் உப்புமாக ஊறிய பொரித்த டோஃபு இருக்கணும், வந்தது பனீர்! காரம் கேட்கிற கூட்டம் அதிகம் என்றார் சர்வர், இருக்கலாம், அதற்குத்தான் மேசையில் ஷிச்சிமி மிளகாய்ப் பொடி வைப்பது.

குளிர்ந்த ஸாரு உடோன் தப்பித்தது. வேகவைத்து, பச்சைத் தண்ணீரில் அலசி, மூங்கில் தட்டில் வைத்து, தொட்டுக்கொள்ளக் கிண்ணத்தில் ட்சுயு என்கிற சோயா சாஸ் கலவை, கூடவே வெங்காயத்தாள், இஞ்சி. 320 ரூபாய்க்கு ஒருவர் வயிறு நிறையும்.

ஆனால் மெனுவில் அதற்குப் பச்சைப் புள்ளி போட்டிருப்பதுதான் எனக்குக் கோபம். ட்சுயு பாட்டிலைக் காட்டச் சொல்லிப் பார்த்தால் பொருட்கள் பட்டியலில் மீன். எடுத்துச் சொன்னதற்கு "வாசனைக்குத்தான் சார்" என்கிறார்கள். சைவக்காரர்களும் வெள்ளி, செவ்வாயில் கவிச்சி தொடாதவர்களும் இந்தக் கடையில் புள்ளியை நம்பாதீர்கள். கொம்பும் ஷீடாகே காளானும் மட்டும் போட்டுச் சைவ தாஷி வைக்கலாம், கடைக்காரர் மனசு வைத்தால்.