கலிங்கா, ஷட்டரா? எங்கள் ஏரிக்கரைக்கு நாங்கள் எடுத்த முடிவு

2015 நவம்பர் மழையில் எங்கள் ஏரிக்கரை உடைந்தது. உடைந்த இடம் கரையின் நடுப்பகுதி அல்ல. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் தானாக வழிந்து போகக் கரையில் கட்டிய தாழ்ந்த சுவரான கலிங்கின் பக்கச்சுவரும் மண்கரையும் சேரும் மூலை. தண்ணீர் கரைமேல் ஏறி வழிந்தது, வழிந்த இடம் அரித்தது, விடிவதற்குள் ஒரு லாரி நுழையும் அளவுக்கு வாய் பிளந்துவிட்டது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் அந்த வருடம் இதே கதி ஆன ஏரிகள் நிறைய. மணல் மூட்டை போட்டு சில ஆண்டுகள் ஓட்டினோம். அதன் பிறகு நிரந்தரமாகக் கட்ட நிதி வந்தபோது பொறியாளர் இரண்டு வரைபடங்களைக் கொண்டுவந்து, எது வேண்டும் என்று பாசன சங்கத்தையே கேட்டார். ஒன்று, பழைய 100 அடி கலிங்கை 200 அடியாக நீட்டுவது. மற்றொன்று, கலிங்கை அதே நீளத்தில் ஒரு அடி உயர்த்திவிட்டு, பக்கத்தில் நான்கு இரும்பு ஷட்டர், அதாவது கையால் சுற்றித் தூக்கும் மதகுக் கதவு, வைப்பது. நாங்கள் கலிங்கைத் தேர்ந்தெடுத்தோம். அந்த முடிவின் பக்கம் நின்றுதான் இதை எழுதுகிறேன். ஆனால் ஷட்டர் கேட்டவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

எங்கள் ஏரி சிறியது. கரை உயரம் 14 அடி, நீர் பரப்பு 60 ஏக்கர். 2021-இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு 10 முதல் 15 மீட்டர் வரையான அணைகளுக்கும்தான் பொருந்தும். எங்கள் கரை அந்தக் கணக்குக்குள் வராது. ஆகவே எதைக் கட்டினாலும், அதை வருடா வருடம் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாங்கள்தான்.

முதலில் தண்ணீர்க் கணக்கு. 100 அடி கலிங்கின் மேல் 2 அடி தண்ணீர் போனால் விநாடிக்கு ஏறக்குறைய 870 கன அடி வெளியேறும். 6 அடி அகல ஷட்டர் ஒன்றை முழுதாகத் தூக்கி, அடிமட்டத்திலிருந்து 5 அடி தண்ணீர் நின்றால் சுமார் 200 கன அடி. ஆக நான்கு ஷட்டரும் பழைய கலிங்கும் கிட்டத்தட்ட ஒரே வேலையைச் செய்யும். கலிங்கின் நீளத்தை இரட்டித்தால், அதே 870 கன அடியை வெளியேற்ற 2 அடி வேண்டாம், 1¼ அடி போதும். வெள்ள நாளில் ஏரியின் மட்டம் 9 அங்குலம் குறைவாக நிற்கும். 9 அங்குலம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். வரைபடத்தில் எங்கள் கரை கலிங்கு மட்டத்துக்கு மேல் 4 அடி. டிராக்டரும் மாடும் நடந்து தேய்ந்த இடங்களில் உண்மையில் 3 அடிதான். அதில் 2 அடி தண்ணீர் ஏறினால் மிச்சம் 1 அடி. அதையும் காற்றில் அடிக்கும் அலை தின்றுவிடும். கல் அணை என்றால் மேலே கொஞ்ச நேரம் தண்ணீர் வழிந்தாலும் தாங்கிக்கொள்ளும். மண்கரை தாங்காது. வெளிச்சரிவில் ஒரு சிறு ஓடை விழுந்தால் போதும், அது அரித்துக்கொண்டே மேலேறி வந்துவிடும்.

ஷட்டர் கேட்டவர்கள் ஒரு அடி கூடுதல் தண்ணீருக்காகக் கேட்டார்கள். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். 60 ஏக்கர் பரப்பில் ஒரு அடி என்றால் 26 லட்சம் கன அடி. நெல்லுக்குப் போகத்துக்கு 4 அடி என்று வைத்தாலும், வெயில் குடிப்பது போக, பத்துப் பன்னிரண்டு ஏக்கருக்காவது நவரை நெல் போகத்தின் கடைசியில் ஒரு தண்ணீர் குறையாமல் பாயும். கடைமடை நிலம் வைத்திருப்பவருக்கு அதன் அருமை தெரியும். புயல் எச்சரிக்கை வந்ததும் முன்கூட்டியே ஏரியை இறக்கிவைக்கவும் ஷட்டரால்தான் முடியும். கலிங்கால் அது ஆகாது. தரைமட்டத்தில் திறப்பதால் வண்டலும் கொஞ்சம் போகும்.

இவ்வளவும் கேட்டபின், ஒரு காலத்தில் நீர்கட்டியாக இருந்த பெரியவர் ஒருவர் கூட்டத்தில் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு மழை கொட்டுறப்ப, கரன்ட் இல்லாதப்ப, கரை மேல நடந்து போயி யாருப்பா அதைத் தொறப்பீங்க?"

யாரும் பதில் சொல்லவில்லை. எங்கள் முடிவு அந்த இடத்தில் திரும்பியது.

அவர் காலத்தில் நீர்கட்டிக்குக் களத்திலேயே நெல் அளந்து கொடுத்தார்கள். மடையைத் திறப்பது, அடைப்பது, மழை நாளில் கரையில் காவல் கிடப்பது அவர் வேலை. இப்போது அந்த ஆளும் இல்லை, அந்த நெல்லும் இல்லை. ஷட்டர் என்பது இரும்பு மட்டும் அல்ல, அதோடு ஒரு ஆளும் வேண்டும். திருகுக் கம்பிக்கு வருடம் இரண்டு முறை கிரீஸ் வைக்க வேண்டும். சுற்றும் கைப்பிடி எங்கே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது என்று நான்கு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பலகைக்கு அடியில் சீமைக்கருவேலங் கிளை சிக்கினாலோ ஆகாயத்தாமரை வந்து அடைத்தாலோ இறங்கி எடுக்க வேண்டும். வருடத்தில் முந்நூற்றைம்பது நாள் அசையாமல் துருவேறி நிற்கும் ஒரு பொருள், மிகக் கெட்ட அந்த ஒரே இரவில் வேலை செய்தாக வேண்டும். நான்கில் ஒன்று சிக்கினால் ஷட்டர் வழி வெளியேற்றத்தில் கால்வாசி போய்விட்டது. ஷட்டரை நம்பி ஒரு அடி தண்ணீரைக் கூடுதலாகத் தேக்கியும் வைத்திருந்தால், மழைக்கு முன்பே கரையில் மிச்சம் இருப்பது 2 அடிதான்.

இதைப் பெரிய அணைகளிலேயே பார்த்திருக்கிறோம். 2021 நவம்பர் 19 அன்று ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில் செய்யேற்றின் மேல் இருந்த அன்னமய்யா அணையின் மண்கரை அடித்துச் செல்லப்பட்டது. வந்த வெள்ளமும் மிகப் பெரியதுதான். ஆனால் ஒரு மதகுக் கதவு பழுதாகித் திறக்க முடியாமல் இருந்தது. 1979 ஆகஸ்ட் 11-இல் குஜராத்தின் மோர்பி நகரை அழித்த மச்சு இரண்டாம் அணையிலும் கதவுகள் எல்லாவற்றையும் திறக்க முடியவில்லை; தண்ணீர் இருபுறமும் இருந்த மண்கரைமேல் ஏறிக் கரைத்துக்கொண்டு போனது. அங்கெல்லாம் சம்பளம் வாங்கும் ஊழியர்கள் இருந்தார்கள். எங்கள் கரையில் யார் இருக்கிறார்கள்?

திறப்பவர் கையில் விழும் பாரமும் ஒன்று உண்டு. எப்போது திறப்பது? முன்னால் திறந்து மழை ஏமாற்றினால் பாசனக்காரர் கேட்பார். தாமதமாகத் திறந்தால் கீழே இருப்பவர் வீட்டுக்குள் ஒரே மூச்சில் வெள்ளம் போகும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டதைப் பற்றிய சர்ச்சை எத்தனை காலம் நீடித்தது என்று எல்லோருக்கும் தெரியும். 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் அந்த ஏரிக்கு ஷட்டர் இல்லாமல் ஆகாது. அங்கே அளவெடுக்க, உத்தரவிட, திறக்க ஆட்கள் உண்டு. எங்கள் ஊரில் அந்த முடிவை ஒரு விவசாயி டார்ச் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். கலிங்குக்கு யாருடைய முடிவும் வேண்டாம். மட்டம் ஏற ஏறத் தானாகவே கூடுதலாக வழியும். அமெரிக்காவில் வெள்ளத் தடுப்புக்கென்றே 12,000-க்கு நெருக்கமான சிறு அணைகளை ஓடைகளின் குறுக்கே கட்டியிருக்கிறார்கள்; பெரும்பாலும் மண் அணைகள். அவற்றிலும் மட்டம் ஏறினால் தானாக வழியும் குழாய்ப் போக்கும், அதற்கு மேல் புல் வளர்த்த அகன்ற போக்கும்தான். ஆள் இல்லாத இடத்தில் கதவு வேண்டாம் என்பதே அங்கேயும் கணக்கு.

கலிங்குக்குப் பராமரிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. மீன் குத்தகை எடுத்தவர்கள் மீன் போய்விடாமல் இருக்கக் கலிங்கின் குறுக்கே வலை கட்டுவார்கள். அந்த வலையில் குப்பையும் தாமரையும் சேர்ந்தால், 200 அடி கலிங்கும் ஒரு சுவர்தான். பாசனக்காரர்களே மணல் மூட்டை அடுக்கி மட்டத்தை உயர்த்துவதும் உண்டு. பழைய கலிங்குகளின் மேல் வரிசையாக நட்ட கற்கள் நிற்கும், பார்த்திருப்பீர்கள். மழைக்காலம் முடியும் தறுவாயில் அந்தக் கற்களுக்கு இடையே பலகையும் களிமண்ணும் வைத்துக் கூடுதல் தண்ணீர் பிடிப்பார்கள். அடுத்த மழைக்கு முன் எடுத்துவிடுவார்கள். இப்போது வைப்பது மட்டும் நடக்கிறது, எடுப்பது நடப்பதில்லை. ஆகவே அக்டோபர் முதல் வாரத்தில் வலையையும் மூட்டையையும் எடுத்தாக வேண்டும் என்று சங்கத்தில் எழுதிவைத்தோம். குத்தகைப் பத்திரத்திலும் அந்த வரியைச் சேர்க்கச் சொன்னோம். இது பகலில், வெயிலில், நான்கு பேர் சேர்ந்து செய்யக்கூடிய வேலை. இரவு இரண்டு மணி வேலை அல்ல. எனக்கு இந்த ஒரு வித்தியாசமே போதுமானதாக இருந்தது.

செலவு கலிங்குக்குத்தான் கூட. நீளம் கூடியதால் கீழ்த்தளம், அதன் முன்னால் அடிமண் அரிக்காமல் ஆழமாக இறக்கிய வெட்டுச்சுவர் எல்லாம் கூடின. நேராக 200 அடிக்கு இடமும் இல்லை, ப வடிவில் மடித்துத்தான் கட்டினார்கள். மடித்த மூலைகளில் தண்ணீர் ஒன்றோடொன்று மோதுவதால் முழு நீளத்தின் பலன் கிடைக்காது என்று பொறியாளரே சொல்லிவிட்டார்.

கீழ் ஊர்க்காரர்கள் கேட்ட ஒரு கேள்விக்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை. ஏரியில் கலிங்கு மட்டத்துக்கு மேல் 2 அடி ஏறி நிற்கும்போது 50 லட்சம் கன அடிக்கு மேல் தற்காலிகமாகத் தங்குகிறது. அதனால் கீழ் ஊருக்குப் போகும் வெள்ளத்தின் வேகம் தணிகிறது. கலிங்கு நீண்டால் எங்கள் கரைக்கு நல்லது, ஆனால் தண்ணீர் சீக்கிரம் அவர்களிடம் போகும். போக்குக் கால்வாயைத் தூர் எடுத்து அகலப்படுத்துவோம் என்று உறுதி கொடுத்தோம். பாதி தூரம்தான் முடிந்திருக்கிறது. மீதிப் பாதியில் ஆக்கிரமிப்பு இருக்கிறது. அது முடியும்வரை இந்தக் கடன் எங்கள் தலைமேல்தான்.

புதுக் கலிங்கு இரண்டு வடகிழக்குப் பருவமழையைப் பார்த்துவிட்டது. அதிகமாக ஏறியது முக்கால் அடி. 2015 போல ஒரு மழையை அது இன்னும் பார்க்கவில்லை, ஆகவே கட்டியது சரியென்று சத்தியம் செய்ய மாட்டேன். பக்கச்சுவர் மண்ணோடு சேரும் மூலையில் மழை நாளில் நானே போய்ப் பார்க்கிறேன். கசிவு தெளிந்த நீராக வந்தால் குறித்துவைக்கிறேன், கலங்கலாக வந்தால் மண்ணும் சேர்ந்து போகிறது என்று அர்த்தம், உடனே ஆள் திரட்ட வேண்டும். இதுவரை தெளிந்த நீர்தான்.

ஷட்டர் கேட்டவர்களுக்காகவும் வண்டலுக்காகவும் கலிங்கின் ஓரத்தில் ஒரே ஒரு சிறிய மணற்போக்கியை, 3 அடி ஷட்டருடன், வைத்துக்கொண்டோம். போன செப்டம்பரில் அதைத் திறந்து பார்க்கப் போனோம். கட்டி இரண்டே வருடம். கைப்பிடி சங்கச் செயலாளர் வீட்டில் இருந்தது, அவர் வெளியூரில் இருந்தார். சாவி வாங்கி எடுத்து வந்தும் ஒருவரால் சுற்ற முடியவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, இரண்டு பேர் சேர்ந்து, முக்கால் மணி நேரம் கழித்துத்தான் பலகை அசைந்தது. அன்று நல்ல வெயில்.