கரியமில வாயுவுக்கு விலை: சந்தையா, வரியா?

தொழிற்சாலைகள் வெளிவிடும் கரியமில வாயுவைக் குறைக்க அதற்கு ஒரு விலை வைக்க இரண்டு வழிகள். ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் சந்தையைத் திறந்தது: மொத்தப் புகைக்கு உச்சவரம்பு, அதற்குள் புகைவிடும் அனுமதிகளை வாங்கலாம், விற்கலாம். ஸ்வீடன் 1991-இலேயே வரி போட்டது, டன் கரியமில வாயுவுக்கு 250 குரோனர் (ஸ்வீடன் நாணயம்).

காகிதத்தில் சந்தைதான் அழகு. நடைமுறையில் அனுமதிகளைத் தேவைக்கு மேல் இலவசமாக வாரிக் கொடுத்தார்கள். 2007-இல் அனுமதியின் விலை ஏறக்குறைய பூஜ்யம். 2011 ஜனவரியில் செக் நாட்டின் பிராகில், அனுமதிகளின் கணக்கு வைத்திருந்த பதிவேட்டு அலுவலகத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்தது. ஊழியர்கள் வெளியேறினார்கள். மறுநாள் பார்த்தால் லட்சக்கணக்கான அனுமதிகள் கணக்கிலிருந்து மாயம்! வரியை ஏய்க்கலாம், இப்படிக் களவாட முடியாது. அனுமதியின் விலை 2023-இல்தான் டன்னுக்கு 100 யூரோவைத் தொட்டது.

என் ஓட்டு வரிக்குத்தான். வரி என்றால் அடுத்த ஆண்டுச் செலவு முதலாளிக்கு இன்றே தெரியும். புகை எவ்வளவு குறையும் என்பதுதான் தெரியாது. ஸ்வீடனும் தொழிற்சாலைகளுக்குச் சலுகை காட்டியது; அவற்றில் பெரியவை இன்று ஐரோப்பியச் சந்தைக் கணக்கில்தான் வருகின்றன.