பழைய புல்லட்டில் ரியர் செட்: பட்டி பூசி மூடிக் கொடுத்த வேலை

பழைய வண்டியில் ஃபுட்ரெஸ்ட்டையும் கியர், பிரேக் பெடலையும் பின்னால் தள்ளி மாட்ட, அதாவது ரியர் செட் போட நினைப்பவர்கள், வண்டியைப் பட்டறையில் விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கஸ்டம் வேலைக்கென்றே போர்டு மாட்டியிருக்கிற ஒரு இடத்தில் என் வண்டிக்கு நடந்தது இது. பட்டறையின் பெயர் வேண்டாம். வேலையின் லட்சணத்தை மட்டும் சொல்கிறேன்.

வண்டி 1970களின் புல்லட் 350. வலது காலில் கியர், இடது காலில் பின் பிரேக். ஹேண்டில்பாரைத் தாழ்வானதாக மாற்றிய பிறகு உடம்பு முன்னால் சாய்ந்துவிட்டது, கால் மட்டும் பழைய இடத்திலேயே முன்னால் நின்றது. எடை முழுக்க மணிக்கட்டில் இறங்கியது. அதனால் ஃபுட்ரெஸ்ட் கொஞ்சம் பின்னால், கொஞ்சம் மேலே போக வேண்டும், அவ்வளவுதான். இரண்டு விஷயம் தெளிவாகச் சொல்லியிருந்தேன். ஃப்ரேமில் வெல்டிங் வைக்கக் கூடாது, தகடு வெட்டி ஏற்கெனவே இருக்கிற போல்ட் ஓட்டைகளில் மாட்ட வேண்டும். கழற்றுகிற ஒரிஜினல் பாகம் எல்லாம் என் கைக்குத் திரும்பி வர வேண்டும். "அதெல்லாம் சொல்லணுமா சார்" என்றார் பட்டறைக்காரர். சொல்லியும் நடக்கவில்லை.

வண்டி கைக்கு வந்தபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது. பாலிஷ் போட்ட அலுமினியத் தகடு, குட்டி லீவர்கள், பளபளக்கும் லிங்க் ராடு. ஸ்டார்ட் செய்யப் போனபோதே முதல் கோளாறு. கிக்கர் பாதி இறங்கியதும் வலது ஃபுட்ரெஸ்ட்டில் இடித்தது. முழுதாக மிதிக்க முடியாத கிக்கரில் 350 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின் எப்படி எழும்பும்? ரியர் செட் போடுகிற எவருக்கும் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. கிக்கர் பக்கத்து ஃபுட்ரெஸ்ட் மேல்நோக்கி, பின்னால் சாய்ந்து மடங்க வேண்டும். இவர்கள் மடங்காத ஒற்றைக் கம்பியைப் போட்டிருந்தார்கள். புகார் சொன்னதும் மடங்குவதை மாட்டித் தரவில்லை. கிக்கரை கேஸ் தீயில் பழுக்கக் காய்ச்சி வெளிப்பக்கமாக வளைத்துக் கொடுத்தார்கள்!

கியர் அடுத்தது. இந்த கியர்பாக்ஸில் முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. புது லீவரையும் கியர் ஷாஃப்டையும் இணைக்க இவர்கள் மாட்டிய லிங்க் ராடில் அது அப்படியே தலைகீழாகிவிட்டது. காரணம் எளிது. லீவரின் கையும் கியர் ஷாஃப்டில் இருக்கிற கையும் இரண்டுமே மேல்நோக்கியோ இரண்டுமே கீழ்நோக்கியோ இருந்தால் அசைவு ஒரே திசை. ஒன்று மேலும் ஒன்று கீழுமாக நின்றால் திசை மாறிவிடும். "இப்ப வர்ற வண்டி எல்லாம் ஒண்ணு கீழதானே சார்" என்று பதில் வந்தது. அதைக் கூடப் பழகிக்கொள்ளலாம். ஷாஃப்டுக்கு அவர்கள் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரிஜினல் கியர் லீவரின் தலையை வெட்டி, அதில் புதுக் கையை வெல்ட் செய்திருந்தார்கள். சூட்டில் அதன் வாய் விரிந்து, கிளாம்ப் போல்ட் எவ்வளவு முறுக்கினாலும் இறுகவில்லை. இறுக்கம் வருவதற்காக உள்ளே ஒரு தகரத் துண்டைச் செருகியிருந்தார்கள். அது நசுங்கிக் கீழே விழுந்ததும் லீவர் ஷாஃப்டில் வழுக்கி, பொடிப் பொடியான பற்களைத் தின்றுவிட்டது. லீவர் போனால் வேறு வாங்கலாம். ஷாஃப்டின் பல் போனால் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும்.

இதையெல்லாம் விட மோசம் பிரேக். இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், நிறைய பேர் கவனிக்காத இடம் இது.

பின் பிரேக் பெடல் ஒரு நெம்புகோல். கால் வைக்கும் இடத்திலிருந்து திருகாணி (பெடல் சுழலும் அச்சு) வரை ஒரு தூரம், அங்கிருந்து ராடு மாட்டும் ஓட்டை வரை ஒரு தூரம். முதல் தூரம் 240 மி.மீ., இரண்டாவது 60 மி.மீ. என்றால், காலின் அழுத்தம் ராடுக்கு 4 மடங்காகப் போகும். ரியர் செட்டில் பெடல் குட்டையாகிவிடுவதால் அது 120-க்கு 50 என்று ஆனால் 2.4 மடங்குதான். அதே மிதி, கிடைப்பது முன்பு கிடைத்ததில் அறுபது சதவீதம். இதைச் சரிக்கட்ட ராடு ஓட்டையைத் திருகாணிக்கு அருகில் கொண்டுவர வேண்டும், அல்லது பின் சக்கர டிரம்மில் ராடு இழுக்கிற கையை, அதாவது கேம் லீவரை, நீளமாக்க வேண்டும். இரண்டிலும் பெடல் அதிகம் இறங்கும், அதற்கு இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முழு பிரேக்கில் கேம் லீவரும் ராடும் கிட்டத்தட்ட 90 டிகிரியில் நிற்பதும் முக்கியம். என் வண்டியில் இந்தக் கணக்கு எதுவும் போட்டதாகத் தெரியவில்லை. அழகுக்குப் பொருந்திய நீளத்தில் பெடல், அவ்வளவுதான்.

போதாததற்கு, புதுத் தகட்டை ஒதுக்கிப் போக வேண்டும் என்று பிரேக் ராடை இரண்டு இடத்தில் வளைத்திருந்தார்கள். நண்பர் ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு நான் குனிந்து பார்த்தேன். மிதிக்க மிதிக்க அந்த வளைவு கண்ணுக்கு முன்னாலேயே நிமிர்ந்தது. பிரேக் ஷூவுக்குப் போக வேண்டிய இழுவை கம்பியை நிமிர்த்தவே செலவாகிக்கொண்டிருந்தது. கால் எடுத்ததும் பழையபடி வளைந்தது. பின்னால் ஆள் உட்கார்ந்தால் இன்னொரு வேடிக்கை. பெடலின் திருகாணி, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் திருகாணியை விட்டு விலகிப் போனதால், சஸ்பென்ஷன் அமுங்கும்போது ராடு தானாகவே இழுபட்டு பிரேக் உரசியது. மிதித்தால் பிடிக்காத பிரேக், மிதிக்காதபோது பிடித்தது. ஸ்டாப் லைட் சுவிட்ச் மாட்டவே இல்லை. வயரை டேப் சுற்றி டூல் பாக்ஸுக்குப் பின்னால் செருகிவிட்டிருந்தார்கள்.

ஃப்ரேம் விஷயம் கடைசியாகத்தான் தெரிந்தது. இடது தகடு ஃப்ரேமோடு சேரும் இடத்தில் பெயின்ட் ஒரு செதில் பெயர்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் உலோகம் வரவில்லை, வெளிறிய மாவு வந்தது. டிங்கரிங்கில் பூசுகிற பட்டி. சுரண்டச் சுரண்ட உள்ளே குண்டு குண்டாக வெல்டிங், அதன் ஓரத்தில் குழாயைத் தின்ற பள்ளம், அந்தப் பள்ளத்தோடு தலைமுடி மாதிரி ஒரு விரிசல், விரிசல் நெடுக துருவின் கோடு. வெல்டிங் கூடாது என்று சொல்லியிருந்தேன் அல்லவா? அதனால்தான் பட்டி. தெரியாமல் செய்த தப்பென்றால் மன்னிக்கலாம். இதை மறைக்க உட்கார்ந்து தேய்த்து, பிரைமர் அடித்து, கலர் மேட்ச் செய்திருக்கிறார்கள். அதில் காட்டிய பொறுமையை பிரேக்கில் காட்டியிருக்கலாம்.

போய்க் கேட்டேன். "ஷோவுக்கு நிறுத்தத்தானே சார், தினமும் ஓட்டவா போறீங்க" என்றார். ஒரிஜினல் பெடல், ஃபுட்ரெஸ்ட்? "ஸ்கிராப்ல போயிருச்சு." பணம்? அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. வேலைக்கு முன்பு பாகங்களைப் படமெடுத்து, பட்டியல் எழுதி, அவர் கையெழுத்து வாங்கியிருந்தால் வாதாட ஏதாவது இருந்திருக்கும் என்று பிறகு ஒரு வக்கீல் நண்பர் சொன்னார். நீங்கள் அதைச் செய்யுங்கள்.

இப்போது வேறொரு லேத்காரர் வெல்டிங்கை அரைத்தெடுத்து, விரிசல் விட்ட குழாய்ப் பகுதியைச் சரிசெய்து கொண்டிருக்கிறார். கியர்பாக்ஸ் பிரித்தாகிவிட்டது. பழைய இடத்துக்கே ஃபுட்ரெஸ்ட் போகிறது, ஹேண்டில்பாரும் பழையதே வருகிறது.

ஏற்கெனவே இப்படி வேலை செய்து வாங்கிய வண்டி உங்களிடம் இருந்தால், ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, தகடு ஃப்ரேமில் சேரும் இடங்களில் ஓட்டிப் பாருங்கள். வெறும் பெயின்டுக்கு அடியில் இரும்பு இருந்தால் சட்டென்று பிடிக்கும். பட்டி தடிப்பாக இருக்கும் இடத்தில் பிடி தளரும், சில இடத்தில் காந்தம் கீழேயே விழும். அப்படி விழுந்தால் அந்த ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நிற்காதீர்கள், வண்டியைத் தள்ளிக்கொண்டே நல்ல வெல்டரிடம் போங்கள்.