மேட்டூரா, பவானிசாகரா?

ஒருநாள் லீவு, பிள்ளைகளுக்கு எந்த அணையைக் காட்டலாம் என்று மச்சான் கேட்டார்.

வயது: மேட்டூர் 1934, பவானிசாகர் 1955.

கொள்ளளவு: மேட்டூர் 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி), பவானிசாகர் 32.8.

மின்சாரம்: போட்டியே இல்லை. மேட்டூரில் அணை, சுரங்க மின்நிலையங்கள் இரண்டும் சேர்ந்து 250 மெகாவாட்.

பாசனம்: மேட்டூரை டெல்டாவின் குறுவை நெல்லுக்கு ஜூன் 12-இல் திறப்பார்கள், தண்ணீர் இருந்தால். பவானிசாகரின் கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கி.மீ. நீளம், 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாயும். மண் வாய்க்கால், கசிவில் ஓரத்துக் கிணறுகள் ஊறும். கான்கிரீட் போட்டால் கிணறு வற்றும் என்கிறது ஒரு தரப்பு. போடாவிட்டால் கடைமடை காயும் என்கிறது மறுதரப்பு. இரண்டுமே நியாயம்தான்.

மின்சாரப் பாடத்துக்கு மேட்டூர். நீர் இறங்கியிருந்தால் பண்ணவாடியில், அணை நீரில் மூழ்கிய கோயிலின் நந்தியும் தலைகாட்டும். பாசனம் புரிய பவானிசாகர், வாய்க்கால் கரையோடு கொஞ்சதூரம் நடந்தால்.