பழைய மில்லிங் மெஷினில் கார்பைடு எண்ட் மில்: சில வருட அனுபவம்

கடலூர் முதுநகரில் உள்ள எங்கள் பட்டறைக்கு வருவதில் பாதிக்கு மேல் சிப்காட் கெமிக்கல் கம்பெனிகளின் பம்ப், வால்வு சாமான்கள். எல்லாம் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) 304, 316 ரகம். அதற்காகத்தான் எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) கட்டரிலிருந்து, கோட்டிங் போட்ட 10 மி.மீ. நாலு பல் கார்பைடு எண்ட் மில்லுக்கு (நுனியிலும் பக்கத்திலும் வெட்டும், எச்.எஸ்.எஸ்.ஸை விடக் கடினமான கட்டர்) மாறினோம். மெஷின் அதே பழைய டரட் மில்லிங்தான். எஸ்.எஸ். வேலைக்குக் கொடுத்த காசு வீண் போகவில்லை. ஆனால் கட்டரை மட்டும் மாற்றிப் பிரயோஜனம் கிடையாது.

304-க்கு எச்.எஸ்.எஸ்.ஸில் நிமிடத்துக்கு 15 மீட்டர் கட்டிங் ஸ்பீடு (பல் முனை ஓடும் வேகம்) வைத்தால் 10 மி.மீ. கட்டருக்கு சுமார் 480 ஆர்.பி.எம். வரும். கார்பைடில் 60 மீட்டர் வைக்கலாம், 1900 வருகிறது. இதைக் கேட்டதும் வேகத்தைக் கூட்ட பெல்ட்டை மாற்றிவிடுவார்கள், ஃபீடை, அதாவது டேபிள் நகரும் வேகத்தைத்தான் மறந்துவிடுவார்கள். பல்லுக்கு 0.04 மி.மீ. என்றால் டேபிள் நிமிடத்துக்கு 300 மி.மீ. நகர வேண்டும். கையால் பயந்து பயந்து தள்ளினால் கட்டர் வெட்டாது, தேய்க்கும். தேய்த்த இடத்தில் 304 இறுகிப்போகும். அடுத்த பாஸில் பல் அந்த இறுகிய தோலில் மோதி முனை போய்விடும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் இதைப் பாருங்கள். டேபிளைத் தானாக நகர்த்தும் பவர் ஃபீடு இல்லாத மெஷினுக்குக் கார்பைடு வேண்டாம் என்பேன்.

கட்டரைப் பிடிக்கும் கோலட்டை விட்டு அது வெளியே நீளும் அளவு இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. கார்பைடோ அதிகம் வளையாது, ஒடிந்துவிடும். முடிந்தவரை குட்டையாகப் பிடியுங்கள்.

கிளைம்ப் மில்லிங்கில் (கட்டர் பல் வெட்டும் திசையிலேயே ஜாப் நகர்வது) சீவல் தடிப்பாகத் தொடங்கி மெலிந்து முடிவதால் எஸ்.எஸ்.ஸுக்கு அதுதான் நல்லது. ஆனால் எங்கள் டேபிள் ஸ்க்ரூவில் ஆட்டம் உண்டு; கட்டர் டேபிளையே இழுத்துக்கொள்ளும். அதனால் ரஃபிங் (முதல் கரடு வெட்டு) முழுக்க அதற்கு எதிர்த்திசையில், கன்வென்ஷனல். ஃபினிஷிங்கில் மட்டும், லாக்கைக் கொஞ்சம் இறுக்கி, 0.2 மி.மீ. கிளைம்ப்.

அப்புறம் கூலன்ட், அதாவது சூட்டைத் தணிக்க எண்ணெயைத் தண்ணீரில் கலந்து ஊற்றுவது. எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதில் கலந்தால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும், டேபிளில் துரு ஏறும். கடல் காற்று வேறு சும்மா இருக்காது. ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறிய பிறகுதான் நிம்மதி. தண்ணீரில்தான் எண்ணெயை ஊற்ற வேண்டும், எண்ணெயில் தண்ணீரை அல்ல. வெயில் காலத்தில் தண்ணீர் ஆவியாகிக் கலவை கெட்டிப்படும். கலவையில் எண்ணெய் எவ்வளவு என்று பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று இருந்தால் நல்லது. பிரஷ்ஷால் விட்டு விட்டுத் தொடுவது கார்பைடுக்கு ஆகாது. சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டு முனையில் விரிசல் விழும். கூலன்ட் நிற்காமல் கொட்ட வேண்டும், இல்லையென்றால் காற்று மட்டும் அடியுங்கள்.

குறை என்றால், மழுங்கினால் பட்டறையிலேயே சாணை பிடிக்க முடியாது. டைமண்ட் வீல் வேண்டும். கேஸ் கட்டிங்கில் வந்த எம்.எஸ். (சாதா இரும்பு) பிளேட் ஓரம், வெல்டிங் மேடு, ஆட்டத்தோடு பிடிக்க வேண்டிய கோணல் ஜாப், இவற்றுக்கு இன்றும் எச்.எஸ்.எஸ்.தான் போடுகிறோம்.